திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி

பிப்ரவரி 5, திங்கள்

ரத்த அழுத்தம் 138/86. நடை இருபத்தைந்து நிமிடம். கோதையின் மாத்திரைகளை இந்த வாரத்துக்குப் பிரித்து டப்பாவில் போட்டேன். புதன்கிழமைக் குழியில் இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் கொட்டி மறுபடி பிரித்தேன். முதலிலேயே சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

பத்தே முக்காலுக்கு டெல்லியிலிருந்து தொலைபேசி. என் பழைய அமைச்சகத்தின் இணைச் செயலாளர். பெயர் பூங்கொடி சென்னியப்பன், கோபிசெட்டிபாளையத்துக்காரர். நான் ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. என்னை அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"ஏனுங்க சார், தொண்ணூத்தி ஒண்ணுல மாவேராகூடப் பேச்சுவார்த்தை நடந்தப்ப குறிப்பெடுத்தது நீங்கதானுங்களா?"

ஆம் என்றேன். அது தவறா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மாவேரா இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவுக் குடியரசு. இம்மாதம் 20 முதல் மூன்று நாள் அவர்களோடு டெல்லியில் விமான சேவைப் பேச்சு. அலுவலகம் இடம் மாறியபோது பழைய கோப்பு தொலைந்துவிட்டதாம். கையெழுத்தான ஒப்பந்தப் பிரதி மட்டும் இருக்கிறது. அன்று நம் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தானாம். ஆலோசகராக வர வேண்டும் என்றார்.

"நான் சும்மா எழுதிக்கிட்டு இருந்தவன்தான் மேடம்."

"எழுதுனவங்கதானுங்க வேணும். பேசுனவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

கோதையிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் இன்றுதான் என் வேலை என்னவென்று கேட்டாள்.

"ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுல நெனச்ச ஊர்ல எறங்க முடியாது. எந்த ஊரு, வாரத்துக்கு எத்தனை தடவைன்னு ரெண்டு அரசாங்கமும் முதல்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். பஸ்ஸுக்கு பர்மிட் மாதிரி."

"அப்ப நீங்க ஆகாசத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸா?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குமாஸ்தா."

"அது எனக்கே தெரியும்."

[யாமினி இருப்பது மாவேராவில். என் மகள் அங்கே இருக்கிறாள் என்று மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.]

சதுர அடைப்புக்குறி எங்கள் தொழில் வழக்கம். ஒப்பந்த வரைவில் இரு தரப்பும் இன்னும் ஒத்துக்கொள்ளாத சொல்லை அதற்குள் போடுவோம். ஒத்துக்கொண்டதும் அடைப்பை எடுத்துவிடுவோம். அடைப்புக்குள் இருக்கும் சொல் காகிதத்தில் இருந்தும் இல்லாததுதான். நாட்குறிப்பில் எனக்கு நானே ஒத்துக்கொள்ளாதவற்றையும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாத்திரை டப்பாவை மறுபடி பார்த்தேன். சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

மாலை யாமினி பேசினாள். தொலைபேசியை நான்தான் எடுத்தேன்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா. இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்."

அவள் தீவுக்குப் போனதிலிருந்து, பதினோரு வருடமாக, இதுதான் எங்கள் உரையாடல். கோதை அறைக்குள் போய் அரை மணி நேரம் பேசினாள். வெளியே வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. யாமினிக்கு ஒன்பது வாரமாம். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்களாம். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. [முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. அந்த இரண்டு முறையும் தொலைபேசியை நான்தான் எடுத்தேன், அம்மாவிடம்தான் கொடுத்தேன்.]

"இந்தத் தடவை நான் அங்க இருக்கணும்," என்றாள் கோதை.

அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, அலையவும் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. திருச்சியிலிருந்து மாவேரா போக சென்னை, மும்பை, பிறகு தீவு. மொத்தம் பத்தொன்பது மணி நேரம். இரவே போய் மருத்துவரிடம் மறுபடி கேட்டோம். அவர் தலையை மட்டும் ஆட்டினார், பக்கவாட்டில்.

நேராக ஒரு விமானம் இருந்தால் நான்கு மணி நேரம்தான். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். சரியாக நான்கு.

"நீங்கதான் பர்மிட் ஆபீஸராச்சே. திருச்சியை அதுல எழுதிட்டு வாங்களேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாது கோதை."

"மலைக்கோட்டைல இருக்கற தாயுமானவர் என்ன பண்ணாரு? காவேரில வெள்ளம், அம்மாக்காரி அக்கரைல நிக்கறா, பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. தானே அம்மா வேஷம் போட்டுக்கிட்டுப் போய் பிரசவம் பாத்தாரு. அவரு பேரை வெச்சுக்கிட்டு எங்க வீட்டுத் தாயுமானவர் டெல்லிக்குப் போய் பென்சில் சீவிட்டு வருவாரு."

பென்சில் அவசியமான பொருள். பேனா என்றால் அழிக்க முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். 1974 முதல் நாட்குறிப்புகள், வருட வரிசைப்படி. 1991 எடுத்தேன். மூன்றாம் நாள் பேச்சு, மாலைத் தேநீர் இடைவேளை. படித்தேன். மூடி வைத்தேன்.

பெட்டிக்குள் நாப்தலின் உருண்டை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

[முப்பத்து மூன்று வருடமாகப் படிக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது.]

1991 நாட்குறிப்பை டெல்லிப் பயணப் பெட்டியில், ஸ்வெட்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

டெல்லி. விருந்தினர் விடுதி. அறை எண் 14. வெந்நீர் வருகிறது. இட்லி கல்லாக வந்தது; சாம்பாரில் ஊறவைத்து, செய்தித்தாள் முழுவதையும் படித்துவிட்டுச் சாப்பிட்டேன். அப்போதும் கொஞ்சம் எதிர்த்தது.

கோதை தொலைபேசியில் கேட்டது மூன்று: ஸ்வெட்டர் போட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அந்த அம்மாவிடம் யாமினியைப் பற்றிச் சொன்னீர்களா. முதல் இரண்டுக்கும் ஆம் என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

தயாரிப்புக் கூட்டம். பூங்கொடி மேடத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வேகமாக நடக்கிறார். பின்னால் போனால் மூச்சு வாங்குகிறது.

நிலவரம் இது. 1991 ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. மாவேரா விமானங்கள் இந்தியாவில் இறங்கக்கூடிய ஊர்கள்: டெல்லி, மும்பை, [திருச்சிராப்பள்ளி]. இந்திய விமானங்களுக்கு: மாவேரா, [அங்கிருந்து அப்பால் ஆப்பிரிக்காவில் இரண்டு ஊர்கள்]. அப்பால் என்றால், நம் விமானம் மாவேராவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேலே பறக்கும் உரிமை. இரண்டு அடைப்பும் அப்படியே கையெழுத்தாகி, அப்படியே உறைந்து கிடக்கின்றன. அதன்பிறகு சீட் எண்ணிக்கை மட்டும் கடிதப் போக்குவரத்தில் மாறியிருக்கிறது.

"அவங்களுக்குத் திருச்சி வேணும்," என்றார் மேடம். "ஆஸ்பத்திரிக்கு வர்ற ஜனம், துணி, காய்கறி, எல்லாம் அங்கதானுங்க. விமானம்கூட ரெடியா நிக்குதாம், அனுமதி கெடச்சா ஆகஸ்டுல வந்துருவாங்க. ஆனா ஆப்பிரிக்காவைக் குடுக்காம திருச்சியைத் தொட விடமாட்டேன். நம்ம கையில இருக்கற ஒரே சீட்டு அதானுங்க சார். அதை யாரும் சும்மா எறக்கிடக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினோம். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் யாமினியைப் பற்றிச் சொல்லலாம் என்று அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பிவிட்டேன். [உள்ளே இருந்தவர் தேநீர் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட்டார்.]

பிப்ரவரி 20, செவ்வாய்

முதல் நாள். நீண்ட மேசை, நடுவில் பூச்சாடி, எதிரெதிரே ஆறு ஆறு பேர்.

மாவேராக் குழுவின் தலைவி உள்ளே வந்ததும் எல்லோரையும் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். வெள்ளை முடி, சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் முன்னால் வரிசையாக வைத்திருந்த ஏழு பென்சில்களைப் பார்த்தார்.

"அதே ஏழு," என்றார் ஆங்கிலத்தில்.

செலின் வயாபூரி. 1991-இல் அவர்கள் பக்கம் குறிப்பெடுத்த இருபத்தாறு வயதுப் பெண். மேசையின் அந்தக் கடைசியில் அவரும் இந்தக் கடைசியில் நானும் மூன்று நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. குறிப்பெடுப்பவர்கள் பேசுவது வழக்கமில்லை. அவருடைய முன்னோர் நாலைந்து தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். தமிழில் மூன்றே சொற்கள்தான் மிச்சம் என்றார்: "தோசை, சும்மா, ஐயோ. இந்த மூன்றை வைத்தே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிடலாம், மிஸ்டர் தாயுமானவன்." என் பெயரைப் பிசகாமல் சொன்னார். டெல்லியில் முப்பது வருடம் ஒருவரும் சொன்னதில்லை.

பேச்சு நகரவில்லை. சீட் எண்ணிக்கை மட்டும் முடிந்தது.

பிப்ரவரி 21, புதன்

மேடம் வயாபூரி இன்று நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"திருச்சிக்கு நாங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை. 1991-இல் தேநீர் இடைவேளையில் உங்கள் தலைவர் அதைக் கொடுத்துவிட்டார். எங்கள் பழைய தலைவர் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடைப்பை எடுக்க மறந்தது எழுத்தர்களின் பிழை."

எழுத்தர்கள் என்றபோது என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"காகிதத்துல அடைப்பு இருக்குது. அடைப்பு இருந்தா சம்மதம் இல்லை," என்று பூங்கொடி மேடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் சாய்ந்து தமிழில் மெதுவாகக் கேட்டார்: "நீங்க அங்கதானுங்களே இருந்தீங்க. அப்படி ஏதாச்சும் குடுத்தாங்களா?"

ஒரு பென்சிலை நேராக்கி வைத்தேன்.

"பழைய நாட்குறிப்பைப் பாக்கணும் மேடம்."

"எங்கிருக்குது?"

"அறையில."

"அப்ப நாளைக்குக் கொண்டாங்க."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அறைக்கு வந்ததும் கோதையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று என் காதில் விழுந்ததைச் சொன்னால், நம் கையிலிருக்கும் ஒரே சீட்டு என்னால் போகும். திருச்சிக்கு விமானம் வரும், அதில் முதல் ஆளாக என் மனைவி ஏறுவாள். நாளைக்கு இது தெரிந்தால், மகளுக்காகக் கிழவன் ஊரையே எழுதிக் கொடுத்துவிட்டான் என்பார்கள். கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவளும் போக முடியாது.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "பொய் சொல்லி நான் போகாம இருக்கணுமா, உண்மையைச் சொல்லி நான் போகணுமா, அதானே உங்க பிரச்சினை?" என்றாள்.

"ஆமா."

"இதுல யோசிக்க என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. ஆனா நீங்க யோசிப்பீங்க. முதல்ல அந்த அம்மாகிட்டப் பொண்ணு விஷயத்தைச் சொல்லிடுங்க. அதுக்கப்புறம் ஊர்ல யாரு என்ன பேசினாலும், முன்னாடியே சொல்லியாச்சேன்னு நாம நிம்மதியா இருக்கலாம்."

இது எங்கள் நடத்தை விதிகளில் நான்கு பத்தியாக இருக்கிறது. அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

பேசினால் வார்த்தை வராது என்பதால் கடிதமாக எழுதினேன். மூன்று வரைவு. மூன்றாவது ஐந்து வரி.

பிப்ரவரி 22, வியாழன்

காலை 8.50-க்கு மேடத்திடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். மகள், மாவேரா, பதினோரு வாரம், மனைவியின் இடுப்பு. கடைசி வரியில் "இதை 5-ஆம் தேதியே சொல்லாதது என் தவறு" என்று எழுதியிருந்தேன்.

"மூணு வாரமா இதை வெச்சுக்கிட்டா சுத்துனீங்க?"

"ஆமா மேடம்."

"மேசைல உக்கார முடியாதுங்க சார் இனிமே. பின்னால நாற்காலில உக்காருங்க. குறிப்பும் எடுக்க வேண்டாம். கேட்டா மட்டும் சொன்னாப் போதும்."

சரிதான். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பென்சில்களை சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பேச்சுவார்த்தையில் உட்காருவது இதுவே முதல் தடவை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பேச்சு தொடங்கியதும் மேடம் செய்த முதல் காரியம் என் கடிதத்தில் இருந்ததை மாவேராக் குழுவுக்கும் சொன்னதுதான். நம் ஆலோசகரின் மகள் உங்கள் நாட்டில் இருக்கிறார், அவர் சொல்வதை இரு தரப்பும் அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "படிங்க சார்," என்றார்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தே படிக்கலாம் என்றார்கள். நின்றேதான் படித்தேன். 1991 நாட்குறிப்பை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்:

"தேநீர் இடைவேளை. பக்கோடா. ஜன்னலருகே இரு தலைவர்களும். அவர்கள் தலைவர் திருச்சிராப்பள்ளி என்றது காதில் விழுந்தது. நம் தலைவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். வாயில் பக்கோடா இருந்ததால் சம்மதமா, மெல்லும் அசைவா என்று தெரியவில்லை. சம்மதம் என்றுதான் நினைக்கிறேன். மேசைக்குத் திரும்பியபின் ஒருவரும் அதைப் பேசவில்லை. கேட்டிருக்க வேண்டும். பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் கொடுத்துவிட்டாரே, எழுதினால் அவருக்குக் கெட்ட பெயர் வருமே என்று அடைப்பை அப்படியே விட்டுவிட்டேன்."

மாவேராப் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஓர் ஆள் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. பேனாவை மேசைமேல் படுக்க வைத்தார். நம் ஒரே சீட்டு இறங்கிவிட்டது. நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் நின்றுகொண்டே இருந்தேன்.

குறிப்பெடுப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, யாரும் கற்றுத் தருவதில்லை, தானாக வந்துவிடும். தன் தலைவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைத்தான் காது முதலில் பிடிக்கும். நாளைக்குக் கேள்வி வரப்போவது அதற்குத்தானே. எதிர்ப்பக்கம் கொடுப்பது காதில் பாதிதான் விழும். நான் பாதி கேட்டவன் என்றால், மேசையின் அந்தக் கடைசியில் இன்னொரு பாதி கேட்ட ஒருத்தி இருந்திருக்க வேண்டும்.

முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் எந்தப் பேச்சுவார்த்தையிலும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"மேடம் வயாபூரி. அன்று ஜன்னலருகே நீங்களும் நின்றீர்கள். உங்கள் தலைவர் என்ன கொடுத்தார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்களிடம் வேறு சாட்சி கிடையாது.

பக்கத்தில் இருந்த கைப்பையைத் திறந்து ஓரம் நைந்த ஒரு குறிப்பேட்டை எடுத்தார்.

"ஐயோ," என்றார் முதலில். அந்தச் சொல்லை இத்தனை சரியான இடத்தில் நான் கேட்டதில்லை. பிறகு பிரெஞ்சில் இருந்ததை மெதுவாக ஆங்கிலத்தில் படித்தார்:

"எங்கள் தலைவர் கோப்பையோடு கையை வீசி, 'எங்களுக்கு அப்பால் ஆப்பிரிக்காவில் எந்த இரண்டு ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள்' என்றார். உரிமையைக் கொடுத்தாரா, சர்க்கரை கொண்டுவரச் சொல்லிக் கையை வீசினாரா என்று நிச்சயமில்லை. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் மானம் போகக் கூடாது. அடைப்பை எடுக்கவில்லை."

பூங்கொடி மேடம் என்னைப் பார்த்தார். மேடம் வயாபூரியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கே ரெண்டு பக்கமும் முடிச்சுட்டாங்க," என்றார் தமிழில். "திருச்சிக்கு ஆப்பிரிக்கா. நான் மூணு நாளா எதுக்குக் கத்திக்கிட்டு இருக்கறனோ, அதே பேரம். நீங்க ரெண்டு பேரும் சேந்து அதை முப்பத்தி மூணு வருஷம் ஃபிரிட்ஜுல வெச்சிருக்கீங்க."

மேடம் வயாபூரிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்பது புரிந்தது போல. "சும்மா," என்றார் என்னைக் கைகாட்டி. "நானும் அவரும். சும்மா."

பிறகு வேலை வேகமாக நடந்தது. மேடம் வயாபூரி ஆப்பிரிக்காவில் ஓர் ஊர் மட்டும் என்று சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். மேடம் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தார். இரண்டு என்றாயிற்று. மூன்று மணிக்கு வரைவு வந்தது. பின்னிணைப்புப் பக்கத்தில் அடைப்புகளை எடுக்க வேண்டும். தட்டச்சு செய்பவரை மேடம் நிறுத்தினார்.

"இதை அவங்க ரெண்டு பேரும் கையாலேயே அழிக்கட்டும். போட்டவங்களே எடுக்கட்டும்."

நான் விலகியிருக்கிறேன், தொடக் கூடாது என்றேன். "அப்ப ஆப்பிரிக்காவை நீங்க எடுங்க, திருச்சியை அந்தம்மா எடுக்கட்டும்," என்றார். விதிப்படி அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆப்பிரிக்காவின் இரண்டு பக்கத்திலிருந்தும் அடைப்பை அழித்தேன். பென்சிலின் பின்பக்க ரப்பரால், அச்சிட்ட மையில். அழியவில்லை. மேடம் வயாபூரி தன் பேனாவை நீட்டினார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வீடு. ரத்த அழுத்தம் 126/80. எப்படி என்று தெரியவில்லை, கருவி பழுதாயிருக்கலாம்.

கோதையிடம் முழுக்கச் சொன்னேன். பக்கோடா வரும்போது சிரிக்க ஆரம்பித்தவள் சர்க்கரை வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆகஸ்டில் விமானம் வந்தால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு டிக்கெட் வேண்டாமா?" என்றாள்.

"யாமினி உன்னைத்தானே கூப்பிட்டா."

"உங்களை வேண்டாம்னு சொன்னாளா?"

"வான்னும் சொல்லல."

"நீங்களும் அவளும் ஒரே பக்கோடாதான்," என்றாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

யாமினி பேசினாள். எடுத்தேன்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா." இங்கே வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. அதற்குப் பதில் என்ன சொல்வதென்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். சீட்டு எங்கோ போய்விட்டது. "யாமினி, ஆகஸ்டுல அம்மாகூட நானும் வரட்டுமா? உனக்குத் தொந்தரவு இல்லைன்னா."

சட்டைப்பையில் சீட்டைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

"என்னப்பா, பதினோரு வருஷம்தான் ஆச்சு. உங்க கணக்குக்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம் மிச்சம் இருக்கே," என்றாள். கோதை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பிறகு, குரல் வேறு மாதிரியாகி, "வாங்கப்பா. நீங்களா கேக்கணும்னுதான் நான் கூப்பிடல," என்றாள்.

இருவரும் ஏழு நிமிடம் பேசினோம். பெரும்பாலும் அவளுடைய இரும்புச்சத்து மாத்திரை பற்றி. எந்த நேரத்தில் போட வேண்டும், எதோடு போடக் கூடாது என்று சொன்னேன். வார டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திருச்சி–மாவேரா, மூன்றாவது விமானம். முதல் விமானத்தில் நான் போவது முறையில்லை என்று நினைத்தேன். கோதை இரண்டாவதாவது முறையா என்றாள். மூன்றாவதில் ஒத்துக்கொண்டோம்.

பயண நேரம் நான்கு மணி ஆறு நிமிடம். ஸ்கேலில் ஆறு நிமிடம் தவறிவிட்டது.

கோதை வழி முழுவதும் தூங்கினாள். நான் கீழே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வருகைப் படிவத்தில் வந்த நோக்கம் என்ன என்று கேட்டிருந்தது. கோதை தன் படிவத்தில் "பிரசவம்" என்று எழுதியிருந்தாள். நானும் அதையே எழுதினேன். குடிநுழைவு அதிகாரி இரண்டு படிவத்தையும் பார்த்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முத்திரை குத்தினார்.

செப்டம்பர் 12, வியாழன்

பெண். 2.9 கிலோ. காலை 6.20. கோதை உள்ளே, நான் வெளியே.

யாமினி நன்றாக இருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது. எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இப்போது மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை. யாமினிக்கு வேண்டியது மலைக்கோட்டை அம்மன் பெயர், மட்டுவார்குழலி. மாப்பிள்ளை டெனிசுக்கு அவர் அம்மாவின் பெயர், எலோயிஸ். யாமினியிடம் கொஞ்சம் தமிழ் கற்றவர், மட்டுவார்குழலியை மூன்று நாளாகப் பழகுகிறார். பாதி வழியில் மூச்சு வாங்குகிறது. பதிவு அலுவலகப் படிவத்தை நிரப்பும் வேலை என்னுடையது. பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்: [மட்டுவார்குழலி] [எலோயிஸ்].

மாலை நால்வரும் தேநீருக்கு உட்கார்ந்தோம். யாமினி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, சுருக்கமா குழலி. குழலி எலோயிஸ். ஓகேவா?" என்று டெனிசைப் பார்த்தாள். அவர் வாய் நிறைய ரொட்டியோடு தலையை மேலும் கீழும் ஆட்டினார். யாமினி தேநீரை எடுத்துக் குடித்தாள். கோதை வேறு ஏதோ பேச ஆரம்பித்தாள். பேச்சு நகர்ந்துவிட்டது.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"டெனிஸ்," என்றேன். "விழுங்கிட்டுச் சொல்லுங்க. சம்மதமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். மூச்சு எடுத்துக்கொண்டார்.

"குழலி," என்றார். "சம்மதம், அப்பா."

பேனாவை எடுத்து எழுதினேன்.